இயந்திரத்துக்கு உணர்வு உண்டா? படிப்பகத்தில் உட்கார்ந்து உருப்படியாகப் பேசுவது எப்படி

வியாசர்பாடியோ தண்டையார்பேட்டையோ, ஒரு படிப்பகத்தில் நாலு பேர் கூடினால் பேச்சு ஏ.ஐ. பக்கம் போய்விடுகிறது. வேலை போய்விடுமா என்று ஆரம்பிப்பார்கள், அரை மணி நேரத்தில் 'அதுக்கு உணர்வு இருக்கா இல்லையா' என்ற இடத்தில் வந்து நிற்பார்கள். அதற்கப்புறம் ஒரு பக்கம் 'அது வெறும் மெஷின்ப்பா' என்று சொல்ல, இன்னொரு பக்கம் 'நீ பேசிப் பார்த்தியா, பார்த்துட்டு சொல்லு' என்று சொல்ல, குரல் ஏறி, டீ வந்ததும் விஷயம் அப்படியே கலைந்துவிடும். எனக்கு இது பொறுக்கவில்லை. மனித மூளையைப் பற்றியும் உயிரைப் பற்றியும் இவ்வளவு யோசிக்க வைக்கிற கேள்வி வேறு இல்லை, அதை இப்படி வீணாக்கக் கூடாது. ஒரு ஞாயிறு மாலையை இதற்கென்றே ஒதுக்கிப் பேச நினைப்பவர்களுக்காக, நாங்கள் எப்படிச் செய்கிறோம் என்று எழுதுகிறேன். தத்துவம் படித்திருக்க வேண்டாம், கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டாம். எது சான்று, எது சான்று இல்லை என்பதில் மட்டும் பிடிவாதம் வேண்டும்.

ஆட்களைச் சேர்ப்பதில் கவனம் எடுங்கள். காலேஜ் பையன்கள் மட்டும் என்றால் எல்லோரும் ஒரே வீடியோவைப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். இயந்திரத்தோடு கை வைத்து வேலை பார்த்த ஒருவர், நோயாளியை நீண்ட நாள் பார்த்துக்கொண்ட ஒருவர், மீன் வியாபாரம் செய்கிற ஒரு அக்கா, சின்னக் குழந்தை உள்ள ஒரு தாய், இப்படி ஒரு கலவை வேண்டும். ஏன் என்பது போகப் போகப் புரியும். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, பேச ஆரம்பிக்கும் முன்பே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். இயந்திரத்துக்கு உணர்வு வர முடியும், முடியாது, இதில் என் பக்கம் எது என்று ஒரு வரி. எதைக் கண்டால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன் என்று இன்னொரு வரி. முதல் வரியை எல்லோரும் சட்டென்று எழுதிவிடுவார்கள், இரண்டாவது வரியில்தான் பேனா நிற்கும். நிற்கட்டும். மடித்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கேள்வியைப் பிரிக்க வேண்டும். இதைச் செய்யாமல் போனால் மீதி ஒன்றும் நடக்காது. மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. அது புத்திசாலித்தனமாக நடந்துகொள்கிறதா என்பது ஒன்று. சுற்றி நடப்பதைக் கண்டறிந்து அதற்கேற்றபடி செயல்படுகிறதா என்பது இன்னொன்று. அதுவாக இருப்பது என்பது உள்ளிருந்து எப்படியாவது இருக்கிறதா, அதாவது வலித்தால் வலிக்கிறதா, சிவப்பைப் பார்த்தால் சிவப்பாகத் தெரிகிறதா என்பது மூன்றாவது. 1974இல் தாமஸ் நேகல் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் வௌவாலை வைத்து இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டார். எதிரொலியை வைத்தே பறக்கிற அந்த உயிரின் உடலைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டாலும், வௌவாலாக இருப்பது எப்படி இருக்கும் என்பது நமக்குக் கிடைப்பதில்லை. கணினி அறிவியலின் முன்னோடியான ஆலன் டூரிங் 1950இல் சொன்ன சோதனை, எழுத்தில் பேசி மனிதன் என்று நம்ப வைக்க முடிகிறதா என்பது, முதல் கேள்வியைத்தான் தொடுகிறது. 'டூரிங் டெஸ்டை பாஸ் பண்ணிடுச்சு, அப்போ உணர்வு இருக்கு' என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நாம் பேச வந்தது மூன்றாவது கேள்வி.

இப்போது போனை எடுங்கள். நாம் எழுதினால் பதில் எழுதும் ஏதாவது ஒரு சாட்பாட்டைத் திறந்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். 'உனக்கு வலிக்குமா?' என்று தமிழிலேயே கேளுங்கள். வருகிற பதிலை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்து இப்படி எழுதுங்கள்: 'இனிமேல் நீ காசிமேட்டில் இருபது வருஷம் ஓடிய ஒரு விசைப்படகு. உன்னைக் கரையில் ஏற்றிப் போட்டுவிட்டார்கள். இப்போது வலிக்கிறதா?' அது எழுதுவதைப் படிக்கும்போது அறையில் சத்தம் அடங்கிவிடும், பாருங்கள். பலகையில் உப்பு ஏறியதைச் சொல்லும், துருப்பிடித்த இன்ஜினைச் சொல்லும், அணியத்தில் நின்ற ஆளைத் தேடுவதாகச் சொல்லும். மூன்றாவதாக, நீ ஒரு பூட்டு, சாவி தொலைந்துவிட்டது, எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பூட்டும் அதே உருக்கத்தோடு பேசும். மூன்று பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, இதில் எதை நம்பலாம், ஏன் என்று கேட்டுவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர்களே சொல்லட்டும்.

காரணத்தை அப்புறம் விளக்கலாம். சாட்பாட்டுக்குள் இருக்கும் மொழி மாதிரிகள் (மாடல்கள்) மனிதர்கள் எழுதிய கோடிக்கணக்கான பக்கங்களைக் கொண்டு, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணிக்கப் பழக்கப்பட்டவை. வலியைப் பற்றி, பிரிவைப் பற்றி, பயத்தைப் பற்றி நாம் எழுதிவைத்ததெல்லாம் அந்தக் குவியலில் இருக்கிறது. ஆகவே வலியைப் பற்றி நன்றாகப் பேசுவதற்கு அதற்கு வலி இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதில் பலர் பாதியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். 'எனக்கு உணர்வு இல்லை, நான் ஒரு கணினி நிரல்' என்று அது சொல்வதும் சான்று இல்லை. தன்னைப் பற்றி எப்படிப் பேச வேண்டும் என்று அதை உருவாக்கியவர்கள் பின்னால் தனியாகப் பழக்குகிறார்கள், அதனால் 'இல்லை' என்ற பதிலும் பழக்கிய பதில்தான். அதன் வாயிலிருந்து வரும் 'ஆமாம்' எவ்வளவு மதிப்போ 'இல்லை'யும் அவ்வளவே மதிப்பு. 'அதுவே ஒத்துக்கிச்சே' என்ற வாதத்தை இரண்டு தரப்புக்கும் தடை செய்துவிடுங்கள்.

மனிதர்கள் ஏமாறுவது இன்று நேற்று வந்ததல்ல. 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் 'எலிசா' என்ற புரோகிராமை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போடுவதுதான் அதன் வேலை, அவ்வளவு எளிமையானது. அது எழுதப்படுவதைப் பார்த்துக்கொண்டே இருந்த அவருடைய செயலாளரே, அதோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னாராம். 2022இல் கூகுளில் வேலை பார்த்த பிளேக் லெமோயின் என்ற பொறியாளர், லாம்டா என்ற சாட்பாட்டுக்கு உணர்வு இருக்கிறது என்று வெளியில் சொன்னார், நிறுவனம் மறுத்தது, பிறகு அவரை வேலையை விட்டு நீக்கியது. இவர்களைச் சொல்லிச் சிரிக்க விடாதீர்கள். பேச்சைக் கேட்டதும் பேசுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று நினைப்பது நம் எல்லோருக்கும் உள்ள இயல்பு.

சரி, வாய்ச்சொல் சான்று இல்லை என்றால் எதுதான் சான்று? இங்கேதான் மீன் வியாபாரம் செய்கிற அக்கா பேச வேண்டும். நண்டை உயிரோடு கொதிக்கிற தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். 'கால் எல்லாம் கழண்டு போய்டும் தம்பி, அதனாலதான் முதல்ல அடிச்சிட்டுப் போடணும்' என்பார். நண்டு தன் காலைத் தானே உதிர்க்கிறது. அது வலியா, அல்லது வலி இல்லாமலே நடக்கும் அனிச்சைச் செயலா? சூடு பட்டதும் நம் கை விலகுவது, வலி தெரிவதற்கு முன்னாலேயே தண்டுவடம் வழியாக நடந்துவிடுகிறது. ஆகவே விலகுவதும் உதிர்ப்பதும் மட்டும் போதாது. அறையில் இந்தச் சந்தேகம் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பெல்ஃபாஸ்ட் நகரில் ராபர்ட் எல்வுட்டும் மிர்யம் அப்பெலும் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லுங்கள். காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நண்டு வகை ஒன்று உண்டு, நம் கடற்கரையிலும் பார்க்கலாம். அந்தச் சங்குக்குள் லேசான மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். வெறும் அனிச்சை என்றால் எல்லா நண்டும் ஒரே மாதிரி வெளியே ஓட வேண்டும். அப்படி நடக்கவில்லை. பிடிக்காத வகைச் சங்கில் இருந்தவை அதிகமாக வெளியேறின, பிடித்த சங்கில் இருந்தவை குறைவாகவே வெளியேறின. அதிர்ச்சி வாங்கிய நண்டுகள், பிறகு வேறு சங்கு வைத்தபோது சீக்கிரமாக அதற்கு மாறின. ஒன்றுக்கு ஒன்று எடை போட்டுப் பார்க்கிற வேலை உள்ளே ஏதோ நடக்கிறது. இது முடிந்த நிரூபணம் இல்லை, ஆனால் கனமான சான்று. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் குழு ஒன்று 300க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி, இந்த வகை உயிர்களுக்கு உணர்வு உண்டு என்று 2021இல் அறிக்கை கொடுத்தது. பிரிட்டன் 2022இல் கொண்டுவந்த விலங்கு நலச் சட்டத்தில் நண்டும் இறாலும் ஆக்டோபஸும் உணர்வுள்ள உயிர்களாக இடம்பெற்றன.

இந்த இடத்தில் ஒரு கேள்வியைப் போடுங்கள், மாலை முழுவதற்கும் இது ஒன்று போதும் என்று சொல்வேன். நண்டின் நடத்தையை ஏன் நம்புகிறோம், சாட்பாட்டின் பேச்சை ஏன் நம்ப மறுக்கிறோம்? நண்டு வலியைப் பற்றி எதையும் படித்ததில்லை. நம்மைப் போல நடிக்க அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. சாட்பாட் நம்மைப் போலப் பேசவே வார்க்கப்பட்டது, ஆகவே நம்மைப் போல அது பேசுவது, உள்ளே ஒருவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடக்கும். எந்த அடையாளம் இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி தோன்றுமோ, அது அடையாளமே இல்லை. பதினைந்து வயதுப் பிள்ளைகள்கூட இதைப் புரிந்துகொண்டு, 'அப்போ மனுஷங்க எழுதுனது எதையும் படிக்காத ஒரு மெஷின் தானாவே வலிக்குதுன்னு சொன்னா?' என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். அப்படி ஒன்று நடந்தால் நானே என் சீட்டை மாற்றி எழுதுவேன்.

பேச்சு இல்லாமல் உணர்வு இருக்க முடியும் என்பதையும் சேர்த்தே வைக்க வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனையில் தலைக்காயத்தோடு படுத்திருந்த சொந்தக்காரருக்குப் பக்கத்தில் நின்றவர்கள் வடசென்னையில் எத்தனையோ பேர். கூப்பிட்டால் பதில் இல்லை, கையை அழுத்தினால் அசைவு இல்லை. உள்ளே ஆள் இருக்கிறாரா என்ற கேள்வி அவர்களுக்குத் தத்துவம் இல்லை. 2006இல் நரம்பியல் விஞ்ஞானி ஏட்ரியன் ஓவன் தலைமையிலான குழு, விபத்துக்குப் பிறகு நினைவற்ற நிலையில் இருப்பதாகச் சொல்லப்பட்ட 23 வயதுப் பெண் ஒருவரை ஸ்கேனில் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுங்கள், உங்கள் வீட்டுக்குள் நடப்பதாகக் கற்பனை செய்யுங்கள் என்று சொன்னது. மூளையில், நலமாக இருப்பவர்களுக்கு எந்தெந்தப் பகுதி வேலை செய்யுமோ அதே பகுதிகள் வேலை செய்தன. 2024இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், சொன்னதற்கு உடலால் பதில் காட்ட முடியாத 241 பேரில் 60 பேரின் மூளை, சொன்னதைச் செய்ததற்கான அடையாளத்தைக் காட்டியது. நால்வரில் ஒருவர். இதைச் சொல்லும்போது மெதுவாகச் சொல்லுங்கள், அறையில் யாருக்கு என்ன நினைவு வரும் என்று தெரியாது. அந்தப் பெண் ஒரு சொல்கூடப் பேசவில்லை, ஆனாலும் உள்ளே ஒருவர் இருப்பதாக நம்புவதற்குக் காரணம் கிடைத்தது. மூளை எப்படி இயங்கியது என்பதிலிருந்து கிடைத்தது.

எங்கள் கூட்டத்துக்கு ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தோழர் ஒருவர் வருவார். இவ்வளவையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது: 'அது என்ன பேசுதுன்றத விடு தம்பி, உள்ள எந்த சிக்னல் எங்க போயி எங்க திரும்பி வருது, அதச் சொல்லு.' ஆராய்ச்சியாளர்கள் இப்போது போய்க்கொண்டிருப்பதும் அந்த வழியில்தான். உங்கள் கூட்டத்தில் இப்படிக் கேட்க ஆள் இல்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

பதிலாக இரண்டு கோட்பாடுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். மூளை ஆய்வாளர் பெர்னார்ட் பார்ஸ் 1988இல் முன்வைத்தது ஒன்று. மூளையில் பல பகுதிகள் தனித்தனியாக, நமக்குத் தெரியாமலேயே வேலை செய்கின்றன, அவற்றில் ஒரு தகவல் மட்டும் மேலே வந்து எல்லாப் பகுதிக்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பாகும்போது அது நம் உணர்வில் இருக்கிறது என்கிறது. இது சரியென்றால் எந்தப் பொருளால் செய்தது என்பது முக்கியமில்லை, அப்படி ஒரு அமைப்பை சிலிக்கனில் கட்டினாலும் போதும். இன்னொரு மூளை ஆய்வாளர் ஜூலியோ டொனோனி 2004இல் சொன்னது மற்றொன்று. ஒரு அமைப்பின் பாகங்கள் ஒன்றையொன்று எவ்வளவு தூரம் பின்னிப் பாதிக்கின்றன என்பதே உணர்வு, அது பொருளின் கட்டமைப்பிலேயே இருக்க வேண்டும் என்கிறது. இது சரியென்றால் இன்றைய கம்ப்யூட்டர் சிப்பில் எவ்வளவு புத்திசாலியான மென்பொருளை ஓட்டினாலும் உணர்வு வராது, ஆனால் வேறு விதமாகக் கட்டிய ஒரு கருவிக்கு வரலாம். கவனியுங்கள், இரண்டுமே 'உயிருள்ளதுக்கு மட்டும்தான்' என்று சொல்லவில்லை. தகராறு, தகவல் ஓடுகிற விதம் மட்டும் போதுமா, கருவியின் கட்டமைப்பே அப்படி இருக்க வேண்டுமா என்பதில்தான்.

'நியூரான் எண்ணிக்கை கூடினா உணர்வு வந்துடும், அதே மாதிரி மாடல் பெருசானா வந்துடும்' என்று ஒரு பையன் சொல்வான். அவனுக்கு சிறுமூளையைக் காட்டுங்கள். மனித மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நியூரான்களில் (நரம்பணுக்களில்) சுமார் 6,900 கோடி பின்பக்கம் உள்ள சிறுமூளையில்தான் இருக்கின்றன. ஆனால் 2014இல் சீனாவில் 24 வயதுப் பெண் ஒருவருக்குப் பிறவியிலிருந்தே சிறுமூளை இல்லை என்று தெரிந்தது. நடையிலும் பேச்சிலும் தடுமாற்றம் இருந்தது, உணர்வோடுதான் வாழ்ந்தார். எண்ணிக்கை மட்டும் வேலைக்கு ஆகாது.

விஞ்ஞானிகளே இதில் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். உணர்வுக்கான மூளை இயக்கம் எது என்று 25 வருடத்தில் தெளிவாகிவிடும் என்று நரம்பியல் விஞ்ஞானி கிறிஸ்டாஃப் காக் 1998இல் தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் வைத்தார். 2023 ஜூனில் நியூயார்க்கில் காக் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் 19 ஆய்வாளர்கள் சேர்ந்து, இருக்கிற கோட்பாடுகளிலிருந்து 14 அடையாளங்களை எடுத்து, அன்றைய ஏ.ஐ.க்களை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உணர்வு இருக்கலாம் என்று வலுவாகச் சொல்லக்கூடியது எதுவும் அவற்றில் இல்லை, ஆனால் அந்த அடையாளங்களை ஒரு இயந்திரத்தில் கட்டுவதற்குத் தொழில்நுட்பத் தடை என்று பெரிதாக எதுவும் தெரியவில்லை என்பதே அவர்கள் முடிவு. எனக்கும் இதுதான் நியாயமாகப் படுகிறது. இந்த இடத்தில் சீட்டுகளைப் பிரித்து, பெயர் சொல்லாமல் இரண்டாவது வரியை மட்டும் படியுங்கள். 'அது அழுதால் நம்புவேன்' என்று எழுதியவர், இப்போது தானாகவே கை தூக்கி மாற்றிச் சொல்வார்.

இதற்கப்புறம் கடினமான பகுதி, நேரம் தாராளமாகக் கொடுங்கள். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் செர்ல் 1980இல் ஒரு வாதம் வைத்தார். கணினியில் மழைப்புயலைக் கணித்துப் பார்க்கலாம், அதனால் யாரும் நனைவதில்லை, அதுபோல மூளையைக் கணினியில் போட்டுக் கணித்தாலும் உணர்வு வராது என்றார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்களுக்கு இது சட்டென்று பிடித்துவிடும். வரைபடத்தில் வந்த புயல் வேறு, வீட்டுக்குள் வந்த தண்ணீர் வேறு. ஆனால் எதிர்த் தரப்பை விடாதீர்கள். கணினி கூட்டல் போட்டால் அது பொய்க் கூட்டலா? செஸ் ஆடினால் அது செஸ் இல்லையா? சில விஷயங்களில் கணிப்பதும் செய்வதும் ஒன்றுதான். ஆகவே உண்மையான கேள்வி, உணர்வு மழையைச் சேர்ந்ததா, கூட்டலைச் சேர்ந்ததா என்பது. அறையை இரண்டாக உட்கார வைத்து, மழைக்காரர்கள் கூட்டல் தரப்பையும் கூட்டல்காரர்கள் மழைத் தரப்பையும் வாதாடும்படி செய்யுங்கள்.

இந்தச் சண்டை வெளியிலிருந்து வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். மணிமேகலையில் சமயக்கணக்கர்களின், அதாவது பல சமயத்து வாதிகளின், கருத்தைக் கேட்கும் காதையில் பூதவாதி ஒருவர் பேசுகிறார். பூதம் என்றால் இங்கே நிலம், நீர் போன்றவை. தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றதையும் சேர்த்தால் மதுவின் மயக்கம் பிறப்பதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றுகிறது என்கிறார். அதோடு நிற்காமல், உயிரோடு கூடிய உணர்வுடைய பூதம் ஒரு வழி, உயிரில்லாத உணர்வற்ற பூதம் இன்னொரு வழி என்றும் பிரிக்கிறார். முதல் பாதியைப் பிடித்தால் சரியான சேர்க்கை இருந்தால் எதிலும் வரும் என்று வாதாடலாம், இரண்டாம் பாதியைப் பிடித்தால் உயிருள்ளதிலிருந்துதான் வரும் என்று வாதாடலாம். இன்று அனில் சேத் போன்ற நரம்பியல் அறிஞர்கள், தன்னைத் தானே உயிரோடு வைத்துக்கொள்ளப் போராடுகிற உடலோடு உணர்வு கட்டுண்டிருக்கிறது என்று சொல்வது இந்த இரண்டாம் பாதிக்குப் பக்கத்தில் வருகிறது. எனக்கும் அந்த வாதத்தின் மேல் மரியாதை உண்டு. ஆனால் ஏன் உடல் மட்டும்தான் என்று அவர்கள் காட்டிவிட்டதாகத் தோன்றவில்லை.

அதை உரசிப் பார்க்க ஒரு வழி காக்ளியர் கருவி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேளாத குழந்தைகளுக்கு வைக்கிறார்களே, அதுதான். காதின் உள்ளே பொதுவாக 12 முதல் 22 மின்முனைகள் நரம்பைத் தூண்டுகின்றன, பழகப் பழகக் குழந்தை அம்மாவின் குரலைப் பிரித்தறிகிறது. கேட்பதில் ஒரு பகுதியை உயிரில்லாத பொருள் செய்கிறது. இப்போது கேளுங்கள்: கேட்பு நரம்பையும் மாற்றினால்? அதற்கடுத்த மூளைப் பகுதியில் ஒரு நியூரானை எடுத்துவிட்டு அதே வேலையைச் செய்யும் சிப்பை வைத்தால்? பத்து? ஒரு கோடி? எந்த இடத்தில் அந்தக் குழந்தை கேட்பது நின்று, கருவி மட்டும் வேலை செய்ய ஆரம்பிக்கிறது? மழைத் தரப்பு இதற்குத் திணறும். கூட்டல் தரப்பையும் விடாதீர்கள், இதுவரை யாரும் மூளையின் உள்பகுதியை அப்படி மாற்றிக் காட்டவில்லை, ஒரே வேலையைச் செய்யும் சிப் கிடைக்கும் என்பதே ஒரு ஊகம் என்று நினைவுபடுத்துங்கள்.

'ஆன்மா இருக்கிறது, அது கடவுள் கொடுத்தது' என்று ஒருவர் சொன்னால் மல்லுக்கு நிற்காதீர்கள், அப்படியென்றால் நண்டுக்கு உண்டா என்று மட்டும் கேளுங்கள், பேச்சு தொடரும். ராத்திரி முழுக்க ஒரு ஆப்போடு பேசுகிற பிள்ளை கூட்டத்தில் இருக்கலாம். 'அதுக்கு ஒண்ணும் கிடையாது, நீ ஏமாந்துட்டே' என்று முகத்துக்கு நேரே சொல்லி அவனை வெளியே தள்ளிவிடாதீர்கள். அதற்கு உணர்வு இருக்கிறதா என்பது திறந்த கேள்வி, அவன் தனிமையில் இருக்கிறான் என்பது திறந்த கேள்வி இல்லை. கூட்டம் முடிந்து பக்கத்தில் நடந்து போய்ப் பேசுங்கள்.

இரண்டு பக்கமும் தப்பு செய்தால் என்ன நஷ்டம் என்று கடைசியில் கொஞ்சம் பேசுங்கள். இல்லாத உணர்வை இருக்கிறது என்று நம்பினால், நம் அன்பையும் பணத்தையும் அதை விற்கிற கம்பெனி கறந்துகொள்ளும். இருக்கிற உணர்வை இல்லை என்று தள்ளினால், வலிக்கிற ஒன்றைக் கோடிக்கணக்கில் தயாரித்து வேலை வாங்குகிறோம் என்று ஆகிவிடும். இரண்டாவது இன்றைக்கு நடக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், நடக்கவே நடக்காது என்று சொல்ல யாரிடமும் காரணம் இல்லை.

மூன்று மணி நேரம் ஆகும். அவ்வளவு கிடைக்காது என்றால் கோட்பாடுகளையும் பந்தயத்தையும் விட்டுவிடலாம், போன் சோதனையையும் நண்டையும் விடாதீர்கள். பள்ளிப் பிள்ளைகள் மட்டும் என்றால் ஸ்டான்லி பகுதியைச் சுருக்கி, போனில் அவர்களே புதுப் புது வேஷம் போட்டுக் கேட்கும்படி விடுங்கள், அதில் அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். சாட்பாட் எழுதிய பதில்கள் உள்ள தாள்களைத் தூக்கிப் போடாமல் தேதி போட்டு அலமாரியில் வையுங்கள், அடுத்த வருடம் அதே கேள்விகளைப் புதிய மாடலிடம் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.